பிராங்க்ஸில் ஒரு தோல்வி இரவு

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 161-வது தெரு நிலையத்தில் 4-ஆம் எண் ரயில் தரைக்கு மேலே, இரும்புத் தூண்கள் மீது போட்ட பாதையில் வந்து நிற்கும். படியிறங்கினால் ரிவர் அவென்யூ. ஒரு பக்கம் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் யாங்கி ஸ்டேடியம், இன்னொரு பக்கம் தொப்பி, பனியன் விற்கும் கடைகளும் பார்களும். ரயில் தலைக்கு மேலே போகும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் சற்று நிறுத்தி, அது கடந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்கிறார்கள். நியூயார்க்கில் நான் பார்த்த இடங்களில் மனதுக்கு மிகவும் பிடித்தது இந்தத் தெருதான்.

நாங்கள் அங்கே போனது 2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை இரவு. வேர்ல்ட் சீரிஸ், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், அதன் முதல் ஆட்டம். ஆட்டம் நடந்தது அங்கே இல்லை, லாஸ் ஏஞ்சலிஸில், டாட்ஜர்ஸ் அணியின் மைதானத்தில். ஆனால் யாங்கீஸ் 2009-க்குப் பிறகு முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸுக்கு வந்திருந்தது. அந்த ஆட்டத்தைப் பூட்டிக் கிடக்கும் சொந்த மைதானத்துக்கு எதிரே நின்றாவது பார்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம் வந்திருந்தது. என் அத்தை மகன் ஜெர்ஸி சிட்டியில் இருக்கிறான், யாங்கீஸ் வெறியன். "மச்சான், வீட்டு டிவியில பாத்தா அது ஆட்டமே இல்ல, வா" என்று இழுத்துக்கொண்டு போனான்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் யார் பந்து வீசுவது என்பதைக் களத்தில் நிற்கும் கேப்டன் முடிவு செய்வார். இங்கே அந்த வேலை வெளியே உட்கார்ந்திருக்கும் மேனேஜருடையது. வீரர்களைப் போலவே சீருடை போட்டிருப்பார். வேண்டும்போது எழுந்து நடந்துபோய், பந்து வீசுகிறவரின் கையிலிருந்து பந்தை வாங்கிவிடுவார். அப்படி வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. இன்னொன்று, இடது கையால் அடிப்பவருக்கு இடது கையால் வீசுபவரின் பந்தை அடிப்பது பொதுவாகக் கடினம்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 2-2. பத்தாவதில் யாங்கீஸ் ஒரு ரன் எடுத்து 3-2. டாட்ஜர்ஸ் கடைசியாக ஆட வந்தது. ஒருவர் அவுட், இரண்டு பேர் பேஸில், அதாவது ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு வர வேண்டிய இடங்களில். அடுத்து வருபவர் ஷோஹெய் ஓதானி, அந்த வருடம் 54 ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரித் தடுப்பைத் தாண்டும் அடி, அடித்தவர், இடது கை. அவருக்குப் பின்னால் வலது கை மூக்கி பெட்ஸ், அப்புறம் இடது கை ஃபிரெடி ஃப்ரீமன். 2020-லிருந்து உள்ள விதிப்படி, உள்ளே வரும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அந்த இன்னிங்ஸ் முடியாவிட்டால் குறைந்தது மூன்று பேருக்காவது வீச வேண்டும். ஆகவே யாரைக் கொண்டுவந்தாலும் இந்த மூவருக்கும் சேர்த்துத்தான்.

யாங்கீஸிடம் இரண்டு இடது கைக்காரர்கள் தயாராக இருந்தார்கள். டிம் ஹில் அந்த அக்டோபர் முழுக்க அடிக்கடி வீசியவர், கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீசி, அடிப்பவரின் பந்தைத் தரையில் உருளவைப்பவர். மற்றவர் நெஸ்டர் கோர்டெஸ். முழங்கையில் காயம்பட்டு, செப்டம்பர் 18-க்குப் பிறகு ஒரு ஆட்டத்தில்கூட வீசாதவர். 37 நாள்.

மேனேஜர் ஆரன் பூன் கூப்பிட்டது கோர்டெஸை.

இந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கோர்டெஸ், மாற்று பிட்சர்கள் தயாராகும் புல்பென்னிலிருந்து வெளியே வருவது திரையில் தெரிந்த அந்த நிமிடமே, பந்து ஒன்றுகூட வீசப்படாதபோதே, பாரில் சத்தம் கிளம்பிவிட்டது. எனக்குப் பக்கத்தில் யாங்கீஸ் வீரர் ஆரன் ஜட்ஜின் 99-ஆம் எண் பனியன் போட்ட ஒரு அம்மாள், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மேசையைத் தட்டினார். "இவர் வேண்டாம், ஹில்லைக் கொண்டு வா!" பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல்கள் அதையே சொல்லின.

முதல் பந்தை ஓதானி இடப்பக்கம் உயரே தூக்கினார். யாங்கீஸின் அலெக்ஸ் வெர்டுகோ ஓடிப்போய்ப் பிடித்து, வேகத்தில் தடுப்பைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்தார். அவுட். பார் அதிர்ந்தது. ஆனால் பிடித்தவர் பந்தோடு மைதானத்துக்கு வெளியே விழுந்தால் பேஸில் நிற்பவர்கள் ஆளுக்கொரு பேஸ் முன்னேறலாம். முன்னேறினார்கள். முதல் பேஸ் காலி. பூன், பெட்ஸை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பிவைத்தார். அடுத்தது இடது கைக்கு இடது கை, கணுக்கால் சுளுக்கோடு ஆடிக்கொண்டிருந்த ஃப்ரீமன். முதல் பந்து. வலப்பக்கக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடித்த ஹோம் ரன், நான்கு ரன். அதுதான் கிராண்ட் ஸ்லாம், 6-3. வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் ஆட்டத்தை அப்படியே முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் அது. கோர்டெஸ் வீசியது மொத்தம் இரண்டே பந்து.

நியூயார்க்கில் அப்போது இரவு பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் நடைபாதைக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள். நானும் அத்தை மகனும் கேட்டுக்கொண்டே நின்றோம்.

ஒரு இளைஞன், "37 நாளாகப் பந்தைத் தொடாதவனை ஓதானிக்கு எதிராகவா நிறுத்துவது?" என்று கத்தினான். நரைத்த தாடிக்காரர் ஒருவர் நிதானமாக மறுத்தார். "ஓதானியை அவுட் ஆக்கத்தானே கொண்டுவந்தார்? ஆக்கிவிட்டாரே. ஃப்ரீமன் உலகத்தரமான ஆள், ஒரு நல்ல அடி அடித்தார். இதில் பூன் என்ன செய்வார்?" தட்டு வண்டியில் சாசேஜ் விற்றுக்கொண்டிருந்தவர் வியாபாரத்தை விட்டுவிட்டு உள்ளே புகுந்தார். அவர் கணக்கில் தவறு ஏழாவது இன்னிங்ஸிலேயே நடந்துவிட்டது. யாங்கீஸுக்காக முதலில் வீச வந்த கெரிட் கோல் 88 பந்துதான் வீசியிருந்தார், அவரை எடுத்ததால்தான் பின்னால் ஆள் தட்டுப்பாடு வந்தது என்றார். மேசையைத் தட்டிய அம்மாள் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "முடிவைப் பார்த்து நான் சொல்லவில்லை. முன்னாலேயே சொன்னேன். இந்தத் தம்பியைக் கேளுங்கள்" என்று என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன். சாட்சி சொல்ல எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பூன் தரப்பு நியாயமும் இருக்கிறது. ஹில்லுக்கு எதிராக ஓதானி தரையில் உருட்டினாலும் ஓதானியின் ஓட்டத்துக்கு ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் ஆக்குவது கஷ்டம் என்று ஆட்டம் முடிந்ததும் பூன் விளக்கினார். யோசித்துத்தான் செய்திருக்கிறார். ஆனாலும் என் தீர்ப்பு அந்த அம்மாள் பக்கம்தான். இடது கைக்காரரைக் கொண்டுவந்தது சரி, கொண்டுவந்த ஆள் தவறு. ஃப்ரீமனின் பந்து தடுப்புக்குள்ளேயே விழுந்து யாங்கீஸ் ஜெயித்திருந்தாலும் இதையேதான் சொல்வேன். 2007-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கடைசி ஓவரை தோனி ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தபோது நம் வீடுகளிலும் இதே கூச்சல் எழுந்தது. ஹர்பஜனுக்கு ஓவர் மிச்சமிருந்தது. மிஸ்பாவின் அடி ஸ்ரீசாந்த் கையில் விழுந்ததும் அது மகா தந்திரமாகிவிட்டது. பந்து எங்கே விழுகிறது என்பதை வைத்து முடிவுக்குப் பெயர் சூட்டினால், முடிவெடுப்பதைப் பற்றி நாம் எதையும் கற்கவே முடியாது.

மறுநாள் காலை திரும்பவும் அதே தெருவுக்குப் போனோம். இப்போதைய ஸ்டேடியத்துக்கு எதிரே ஹெரிட்டேஜ் ஃபீல்ட் என்று ஒரு பூங்கா. 1923-ல் திறந்து 2008-ல் கடைசி ஆட்டம் கண்ட பழைய யாங்கி ஸ்டேடியம் நின்ற இடம் அதுதான். இடித்துவிட்டு ஊர்ப் பிள்ளைகள் விளையாட மைதானங்களாக்கிவிட்டார்கள், நுழையக் காசில்லை. இந்தப் புல்லில்தான் 2003 அக்டோபரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் கதை முடிந்தது. வேர்ல்ட் சீரிஸுக்கு யார் போவது என்று தீர்மானிக்கும் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 5-2 முன்னிலை. பாஸ்டன் பிட்சர் பெட்ரோ மார்ட்டினஸ் நூறு பந்தைத் தாண்டிக் களைத்திருந்தார். மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்துபோய் அவரிடம் பேசினார், பந்தை வாங்காமலே திரும்பினார். பெட்ரோ 123 பந்து வீசி முடித்தபோது 5-5. பதினோராவது இன்னிங்ஸில் பாஸ்டனின் டிம் வேக்ஃபீல்டின் முதல் பந்தை ஹோம் ரன் அடித்து யாங்கீஸை வெல்லவைத்தவர் யார் தெரியுமா? இதே ஆரன் பூன்தான். லிட்டிலின் ஒப்பந்தத்தை பாஸ்டன் புதுப்பிக்கவில்லை. ஒரு மேனேஜரின் வேலை போன இரவில் மட்டையோடு நின்றவர், 21 வருடம் கழித்து அதே மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மூன்றாவது ஆட்டம் பிராங்க்ஸிலேயே நடந்தது. டிக்கெட் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. முடிகிற நேரத்துக்கு ஸ்டேடியம் வாசலுக்குப் போய்விட்டோம், கூட்டம் பேசுவதைக் கேட்பதற்காகவே. யாங்கீஸ் 4-2 என்று தோற்றிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆகும்வரை ஒரு ரன்கூட இல்லை. பூன் பெயர் அடிபடும் என்று எதிர்பார்த்தேன். ஒரு அப்பாவும் மகளும் 4-ஆம் எண் ரயில் படிகளில் ஏறிக்கொண்டே சண்டை போட்டார்கள். நான்காவது இன்னிங்ஸில் ஜியான்கார்லோ ஸ்டான்டனை ரன் முடியும் இடமான ஹோம் பிளேட்டுக்கு ஓடவிட்ட மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் மீது மகளுக்குக் கோபம். ஸ்டான்டன் அங்கே அவுட் ஆகியிருந்தார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ரன்னே வராத ஆட்டத்தில் அந்த ரிஸ்க் எடுக்கத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை தோல்வி பூனுடையது. இன்றைக்கு அவர்மேல் ஒன்றும் இல்லை, அடிக்க வேண்டியவர்கள் அடிக்கவில்லை" என்றார். மகள் விடவில்லை. 125-வது தெருவில் நாங்கள் இறங்கும்வரை அது ஓயவில்லை.