சுகருக்காகச் செய்துகொண்ட ஆபரேஷன்

கடைக்கு வருகிற அக்காமார்கள் முதலில் கேட்பதே இதுதான்: “என்னம்மா, சுகர் ஏறிடுச்சா? இப்படி இளைச்சுப் போயிட்டியே!” நம் ஊரில் நாற்பதைத் தாண்டிய ஒருத்தி இளைத்துவிட்டால் சுகர் முற்றிவிட்டது என்றுதான் முடிவு கட்டுவார்கள். எனக்கு நடந்தது நேர்மாறு. சுகரை அடக்க இரைப்பையில் செய்துகொண்ட ஆபரேஷனில்தான் எடை இறங்கியது. ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க நேரம் போதவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

பெரம்பூரில் ப்ளவுஸ் தைக்கிற கடை என்னுடையது. மகளைச் சுமந்தபோது வந்த சுகர் பிரசவத்தோடு போனது, சில வருடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் ஒரு மாத்திரை, அப்புறம் மூன்று, அப்புறம் இன்சுலின். ஊசி போட்டால் பசித்தது, பசித்தால் சாப்பிட்டேன், எடை ஏறியது, எடை ஏற ஏற இன்சுலின் அளவையும் கூட்டினார்கள். 154 செ.மீ. உயரத்துக்கு 89 கிலோ. மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி 9.4. சுகர் ஏறி இறங்குகிற நாட்களில் பார்வை மங்கி, ஊசியில் நூல்கூடக் கோர்க்க முடியாது. உதவிக்கு இருக்கும் பெண்தான் கோர்த்துக் கொடுப்பாள். என் அம்மாவுக்கு இதே சுகரில் கால் விரல்கள் போயின. அந்தப் புண்ணுக்கு தினமும் கட்டு மாற்றியவள் நான். அந்த வாடை இன்னும் மறக்கவில்லை.

ஆபரேஷன் பேச்சை எடுத்ததே என் சுகர் டாக்டர்தான். எடைக்குச் செய்கிற ஆபரேஷன் நூற்றைம்பது கிலோக்காரர்களுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் விளக்கினார்: உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கான பிஎம்ஐ எனக்கு 37.5. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சுகர் வந்துவிடுவதால், 2016-ல் உலக அளவில் சர்க்கரை நோய் அமைப்புகள் பல சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் நமக்கான வரம்புகளை 2.5 குறைத்தே வைத்திருக்கிறார்கள். அதன்படி மருந்துக்கு அடங்காத டைப் 2 சுகர் இருந்தால் 27.5-லிருந்தே இதை யோசிக்கலாம், 32.5-ஐத் தாண்டினால் பரிந்துரைக்கலாம். சுகர் வைத்தியத்தின் ஒரு பகுதியாகவே இதைச் சேர்த்துவிட்டார்கள் என்று அவர் சொன்னபோதுதான் நான் காதுகொடுத்துக் கேட்டேன்.

எண்டோஸ்கோபியில் எனக்கு நெஞ்செரிச்சல் தொந்தரவு அதிகம் என்று தெரிந்ததால், இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குறுக்குகிற ஸ்லீவ் வேண்டாம், பைபாஸ் என்றார் சர்ஜன். இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலைக் கொஞ்சம் கீழே எடுத்து அதில் நேராக இணைத்துவிடுவார்கள். சாப்பாடு குடலின் முன்பகுதியைத் தொடாமல் சீக்கிரமே கீழே போய்ச் சேரும். அப்போது குடல் ஜிஎல்பி-1 என்கிற ஹார்மோனை நிறையச் சுரக்கும், அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும், பசியையும் அடக்கும்.

இதையெல்லாம் கேட்டிருந்தும் ஆஸ்பத்திரியில் நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். எடை ஒரு கிலோகூட ஒழுங்காக இறங்கவில்லை. விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், மீட்டரைத் திருப்பிக் காட்டினார்: 128. அன்று இன்சுலின் போடவில்லை, அதற்கப்புறம் இன்றுவரை போடவில்லை. வால்டர் போரீஸ் என்ற அமெரிக்க சர்ஜன் இதைத்தான் 1995-லேயே எழுதியிருக்கிறார். எடைக்காக பைபாஸ் செய்தவர்களுக்கு, உடம்பு இளைப்பதற்கு முன்பே, சில நாட்களில் சுகர் இறங்குவதை அவர் கவனித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு வாழ்க்கை இருமல் மருந்தோடு வருகிற அந்தக் குட்டி மூடிக்குள் அடங்கிவிட்டது. அதில் தண்ணீரை ஊற்றி மடக்கு மடக்காக, நிறுத்தி நிறுத்திக் குடிக்க வேண்டும். வாரக்கணக்கில் திரவம், அப்புறம் மசித்தது. முதல்முதலாக இட்லி சாப்பிட்ட அன்று பாதி இட்லிக்கு அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு விள்ளலையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், இல்லையென்றால் நெஞ்சுக்கு நடுவில் கல் மாதிரி நிற்கும். இட்லியைவிடச் சோறுதான் படுத்தியது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. முதலில் புரதம்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல். மிச்ச இடத்தில்தான் சோறு. இனிப்பு வேகமாக உள்ளே போனால் படபடவென்று நெஞ்சு அடித்து, வியர்த்து, படுத்துவிட வேண்டியதுதான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும் உண்டு. சில மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டியது, பிறகு வளர்ந்துவிட்டது.

கல்யாண வீடுகள்தான் பெரிய கஷ்டம். இலையில் கை வைத்து மறைத்தாலும் விடாமல் பரிமாறுகிறார்கள். “ஒரு வடையாவது சாப்பிடுங்க” என்று கெஞ்சுகிறவரிடம் இரைப்பையின் அளவை எப்படிச் சொல்வது? இப்போதெல்லாம் மகளோடு ஒரே இலையில் உட்கார்ந்துவிடுகிறேன்.

செலவு சில லட்சம். பிஎம்ஐ 35-க்கு மேல், கட்டுக்குள் வராத சுகர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் இன்சூரன்ஸில் பெரும்பகுதி கிடைத்தது. கேட்ட கடிதங்களைக் கொடுத்து முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் அலைந்துவிட்டார்.

என் ஹெச்பிஏ1சி இப்போது 5.9, சுகர் மாத்திரை எதுவும் இல்லை. மருந்தே இல்லாமல் மூன்று மாதமாவது 6.5-க்குக் கீழே இருந்தால் அதை ‘ரெமிஷன்’ என்கிறார்கள். குணமாகிவிட்டது என்று டாக்டர் ஒருநாளும் சொல்லமாட்டார். அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. அமெரிக்காவில் க்ளீவ்லேண்ட் க்ளினிக்கில் 150 பேரை எடுத்துச் செய்த ஆய்வில், ஐந்து வருடம் கழித்து 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவில் 23, பைபாஸில் 29. வித்தியாசம் பெரிதுதான், ஆனாலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. சுகர் வந்து அதிக வருடம் ஆகாதவர்களுக்கும், கணையத்தில் இன்னும் சுரப்பு மிச்சம் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அதை சி-பெப்டைட் என்ற ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். எல்லா மருந்தும் தோற்ற பிறகு கடைசியாகப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான். கணையம் காத்திருப்பதில்லை.

ஆவடியில் இருக்கிற என் தம்பிக்கு சுகர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எடை என்னைவிடக் கூட. 2024-ல் சென்னைப் பக்கம் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தி வந்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பேச்சை எடுத்தாலே பயம். அந்தப் பயம் நியாயமானது. தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதிக்கிறாரா, சர்ஜன் வருடத்துக்கு எத்தனை செய்கிறார், ராத்திரி சிக்கல் வந்தால் யார் வருவார்கள் என்று எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் ஆபரேஷன் செய்துகொண்டபோது, சுகரையும் எடையையும் குறைக்கிற மவுன்ஜாரோ ஊசி இந்தியாவுக்கு வரவில்லை. இப்போது இருக்கிறது, அவனுக்கு அதுவே போதும் என்று டாக்டர் சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். நிறுத்தினால் எடை திரும்புமே, எத்தனை காலம் போட வேண்டும், மாதம் எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.

வியாழக்கிழமை என் டாக்டரிடம் அவனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அன்று மதியம்வரை கடை கிடையாது. ப்ளவுஸ் வாங்க வேண்டியவர்கள் சாயங்காலம் வாருங்கள்.