நான்கு நட்சத்திரம்

அத்தைக்கு நர்சிங் ஹோம், அதாவது முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம், தேடியபோது அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அவற்றுக்குத் தரும் நட்சத்திரங்களைத்தான் முதலில் பார்த்தேன். 2008இல் அமெரிக்க அரசு தொடங்கிய மதிப்பீடு. பக்கத்தில் இருந்த ஒன்றுக்கு ஐந்தில் நான்கு. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பிரித்துப் பார்த்தால் அதிகாரிகள் நேரில் வந்து செய்யும் சோதனைக்கு மூன்றுதான். தரக் குறியீடுகளில் வாங்கிய ஐந்துதான் மொத்தத்தை நான்காக ஏற்றியிருந்தது. அந்தக் குறியீடுகளில் பலவும் இல்லமே எழுதிக் கொடுக்கும் கணக்கு! தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துவது மாதிரி.

அப்புறம் சோதனையில் கண்ட குறைகளைப் பட்டியலிடும் 2567 படிவத்தைத் திறந்தேன். ஒரு குறைக்கு, அதன் தீவிரத்தைக் காட்ட, 'ஜி' என்ற எழுத்து. யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தீங்கு நேர்ந்தது என்று பொருள். இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய மூதாட்டியை ஒரே ஊழியர் தூக்கியிருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. அத்தையையும் இருவர்தான் தூக்கவேண்டும்.

ஞாயிறு மாலை, சொல்லாமல் போய் நின்றேன். தாழ்வாரத்தில், உதவிக்கு ஆள் கூப்பிடும் அழைப்பு விளக்குகள் நான்கு எரிந்துகொண்டிருந்தன.