கேபர்நேயும் மெர்லோவும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பார்வை

சிவப்பு வைனைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கேபர்நே சோவின்யோன் முரட்டு ரகம், மெர்லோ சாது ரகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்த எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. கூடலூரிலோ சுருளிப்பட்டியிலோ புதிதாக ஒரு ரகம் வந்தால் தோல் எப்படி இருக்கும், எத்தனை நாளில் பழுக்கும், மழை தாங்குமா என்பதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். ருசியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். அந்த மூன்று கேள்விகளையும் இந்த இரண்டு பிரெஞ்சு ரகங்களிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டும் உறவுக்காரக் கொடிகள். கேபர்நே சோவின்யோன், கேபர்நே ஃப்ரான் என்ற கருந்திராட்சையும் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் தற்செயலாகக் கலந்து பிறந்தது என்பதைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களின் பிற்பகுதியில் மரபணுச் சோதனையால் உறுதிசெய்தார்கள். மெர்லோவுக்கும் தகப்பன் அதே கேபர்நே ஃப்ரான்தான்; தாய், ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட மக்தலேன் நுவார் தெ ஷரான்த் என்ற பழைய ரகம். ஆகவே இவற்றை ஒரே தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் என்று சொல்லலாம். குணமோ வெகுவாக வேறுபடுகிறது.

முதலில் தோலைப் பார்ப்போம். மகாராஷ்டிரத்தில் ஒரு வைன் தோட்டத்தில், அறுவடைக்கு முந்தைய நாட்களில், கேபர்நே பழத்தைப் பறித்து வாயில் போட்டுப் பார்த்தேன். சுண்டைக்காயைவிடச் சற்றே பெரிய பழம். முதல் கடியில் இனிப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் சாறு சட்டென்று தீர்ந்துவிடுகிறது. அதன்பிறகு வாயில் எஞ்சுவது தோலும் விதையும்தான். அந்தத் தோலை மெல்ல மெல்ல ஈறு வறண்டு, நாக்கு உள்ளிழுத்துக்கொள்வதுபோல் துவர்க்கிறது. விரலில் ஒட்டிய ஊதாக் கறை கழுவியும் எளிதில் போகவில்லை. அடுத்த வரிசையிலிருந்த மெர்லோ பழம் சற்றுப் பெரியது, சதைப்பற்று கூடியது, தோல் மெல்லியது. மென்றால் துவர்ப்பு இருக்கிறது, ஆனால் இனிப்பை மீறுவதில்லை. பன்னீர் தின்று பழகிய நமக்கு மெர்லோதான் உடனே பிடிக்கும் என்று அங்கேயே தோன்றியது.

கறுப்பு ரகமானாலும் பெரும்பாலான திராட்சைகளின் உட்சாற்றுக்கு நிறம் கிடையாது. சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருபவை. அதனால்தான் சாற்றை வடிகட்டாமல், தோலோடும் விதையோடும் சேர்த்தே நாட்கணக்கில் நொதிக்கவைக்கிறார்கள். பழம் சிறிதாகவும் தோல் தடிமனாகவும் இருந்தால் அதே அளவு சாற்றுக்கு இறங்கும் நிறமும், துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருளும் கூடுதல். கேபர்நே வைன் இளமையில் வாயைக் கட்டுவதற்கும், ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் கெடாமல் பக்குவப்படுவதற்கும் இது முக்கியமான காரணம். மெர்லோவில் சர்க்கரை விரைவாக ஏறுகிறது, புளிப்பு விரைவாக இறங்குகிறது. அதனால் வைனில் கொஞ்சம் கூடுதல் மதுச்சாரமும், கொடைக்கானல் ப்ளம்ஸை நினைவூட்டும் பழவாசமும், உருண்டையான வாய்ச்சுவையும் கிடைக்கின்றன. சரியாகப் பழுக்காத கேபர்நேயில் பச்சைக் குடைமிளகாய் வாசம் எழும். பைரஸின் என்ற சேர்மத்தின் வேலை அது. குலைக்கு வெயில் படப் படக் குறைந்துவிடும். சிலர் அந்த வாசத்தை விரும்புகிறார்கள். எனக்கு அது பச்சைக் காயைப் பறித்துவிட்ட உணர்வையே தருகிறது.

இரண்டாவது கேள்வி நாள்கணக்கு. பிரான்சின் போர்தோ பகுதியில் மெர்லோ முன்னதாகத் துளிர்த்து, கேபர்நேயைவிட ஒன்றிரண்டு வாரம் முன்பே பழுத்துவிடும். அங்கே இலையுதிர்கால மழை வருவதற்குள் பழத்தை இறக்கிவிட வேண்டும் என்பதால் இந்த அவசரக் குணம் பெரிய வரம். அதே குணத்தால் துளிர் பின்பனியில் கருகுவதும், குளிர்மழையில் பூ பிடிக்காமல் உதிர்வதும் உண்டு. 1956 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில், போர்தோவிலேயே மெர்லோ மிகுந்த பொமரோல், சாந்த் எமிலியோன் பக்கத்துக் கொடிகள் ஏராளமாக மாண்டன. வெப்பத்தைச் சேமித்துவைக்கும் மெதோக் பகுதியின் சரளை மண்ணில் கேபர்நேயையும், குளிர்ந்து ஈரம் காக்கும் பொமரோல் களிமண்ணில் மெர்லோவையும் வைத்திருப்பது இந்தக் கணக்கினால்தான். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்றே பலர் இரண்டையும் நட்டுக் கலக்கிறார்கள். போர்தோ வைன்களுக்கான 1855-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தரவரிசையில் பொமரோல் இடம்பெறவே இல்லை. ஆனாலும் ஏறத்தாழ முழுக்க மெர்லோவாலான, பொமரோலில் விளையும் பெத்ருஸ் இன்று உலகின் விலையுயர்ந்த வைன்களில் ஒன்று. சாது ரகம் என்று ஒதுக்குபவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மெர்லோவின் பெயரில் நடந்த குழப்பம் ஒன்றும் உண்டு. சிலி நாட்டில் மெர்லோ என்று நம்பி வளர்க்கப்பட்ட கொடிகளில் பெரும்பகுதி கார்மனேர் என்ற வேறு ரகம் என்பதை 1994-இல் ஒரு பிரெஞ்சுத் திராட்சை வல்லுநர் கண்டுபிடித்தார். நாற்று வாங்கி ஏமாந்த விவசாயிகளுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

மூன்றாவது கேள்வி நம் மண்ணுக்கானது. நம் பள்ளத்தாக்கில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்து அடிக்கும் தேதிதான் அறுவடைத் தேதியைத் தீர்மானிக்கிறது. எனவே மெர்லோவின் தலையாய நற்குணமான அவசரத்துக்கு இங்கே மதிப்பில்லை. மறுபுறம், அதன் மெல்லிய தோல் என்ற குறை அப்படியே நிற்கிறது: பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிப்பதும் அழுகுவதும் என்ன நஷ்டம் தரும் என்பதைப் பன்னீர் வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் வெக்கையில் புளிப்பு வேகமாகக் குறையும் என்பதால், இயல்பிலேயே புளிப்புக் குறைந்த மெர்லோ சப்பென்று போய்விடும் அபாயமும் இருக்கிறது. நாசிக்கிலும் நந்தி மலையடிவாரத்திலும் சிவப்பு வைனுக்கு ஷிராஸ் என்ற இன்னொரு கருந்திராட்சையும் கேபர்நேயும் முன்னிற்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இருந்தாலும் நம் ஊரில் வியாபாரி எடைக்குத்தான் காசு தருகிறார். சிறு பழமும் விதையுமாக இருக்கும் கேபர்நேயைக் குமுளி வழியாகக் கேரளத்துக்கு ஏற்றினால் வாங்குவார் யாருமில்லை. ஆகவே ஒரு ஏக்கரையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆசைக்கு ஓரத்தில் ஒரு வரிசை வைப்பதென்றால், வேருக்கென்றே வளர்க்கும் டாக்ரிட்ஜ் செடியில் கேபர்நேயை ஒட்டுக்கட்டி, குலைக்கு வெயில் படும்படி பந்தலை விட்டுக் கம்பிவேலியில் ஏற்றுவேன். மெர்லோவைப் பாட்டிலில் வாங்கிக்கொள்வேன்.