பொன்சாய் கிளப்பில் முதலில் கேட்க வேண்டியது: எந்த மாதம்?

தட்டைத் தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் பொன்சாய் கலை பற்றிய காணொளிகளில் பெரும்பாலானவை ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எடுத்தவை. அவற்றில் வருபவை பைன், ஜூனிப்பர், மேப்பிள். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும் மரங்கள். 'வசந்தத்தில் மொட்டு விரியும் முன் தொட்டி மாற்று' என்பது அந்த மரங்களுக்கான விதி. அதை நம்பி ஏப்ரலில் சென்னை மொட்டைமாடியில் ஆல், அத்தி இனத்தைச் சேர்ந்த ஓர் இச்சி மரத்தின் வேரை வெட்டினால், புது வேர் நன்றாக ஊன்றும் முன்பே கத்திரி வெயில் வந்துவிடும். கிளையை வளைக்கக் கம்பி சுற்றும் முறையைத் திரையில் பார்த்துக்கூடக் கற்கலாம். எந்த மாதத்தில் எதைச் செய்வது என்பதை, அதே வெயிலில், அதே போர்வெல் தண்ணீரில் மரம் வளர்ப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். உள்ளூர் கிளப்பில் சேருவதன் முதல் பயன் இதுதான்.

சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் இச்சி, அத்தி வகைகளுக்கு ஏறக்குறைய இந்த வரிசை பொருந்தும். தை பிற்பாதியும் மாசியும் தொட்டி மாற்றும் காலம். பனி விலகி, துளிர் கிளம்பும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பங்குனியில் துளிர் கிள்ளினால் போதும். சித்திரை, வைகாசியில் மரத்தில் கத்தியே படக்கூடாது. 50 சதவீத நிழல்வலை, காலையும் மாலையும் தண்ணீர், அவ்வளவுதான். ஆனி, ஆடியில் மாலை மழை விழத் தொடங்கியதும் கிளை வெட்டலாம், இலை உருவலாம். மாசியைத் தவறவிட்டவர்களுக்குத் தொட்டி மாற்ற இது இரண்டாவது வாய்ப்பு. ஆவணி, புரட்டாசி வயரிங்குக்கு, அதாவது கம்பி சுற்ற. ஐப்பசி, கார்த்திகை மழையில் உரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே மரக்கட்டை வைத்துச் சாய்த்து நிறுத்த வேண்டும்; தேங்கும் நீர் அந்தச் சாய்வில் இறங்கிவிடும். கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருப்பவர்களுக்கு இந்த மாதங்கள் சற்றே நகரும். எவ்வளவு நகரும் என்பதை அந்த ஊர் கிளப்தான் சொல்லும்.

பல கிளப்கள் புதியவர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்துகின்றன. காலையில் நர்சரிப் பையில் ஒரு செடி தருவார்கள். மதியத்துக்குள் வேரை வெட்டி, கிளையைக் குறைத்து, கம்பி சுற்றி, தட்டையான தொட்டியில் நட்டு, மாலையில் 'பொன்சாய்' கையில் இருக்கும். கற்பிக்க இது வசதி, மரத்துக்கு இது கொடுமை. இச்சி அதையும் தாங்கிவிடும். ஆனால் காகிதப்பூவின் வேர் சட்டென முறியக்கூடியது. வேர்க்கட்டியைக் கலைத்து அன்றே கிளையையும் வளைத்தால் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். புளியும் அப்படித்தான் சுணங்கும். எனவே ஒருநாள் பயிற்சிக்குப் போகிறவர்கள் இச்சியையே கேட்டு வாங்குங்கள். வேறு மரம் கிடைத்தால், அன்றைக்குக் கிளை வேலையை மட்டும் செய்துவிட்டு, வேர் வேலையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள். நல்ல பயிற்சியாளர் இதற்குத் தடை சொல்லமாட்டார்.

கடைகளில் பருத்த கிழங்கு வேருடன் 'ஜின்செங் ஃபைகஸ்' என்று விற்பதைக் கற்பதற்காக வாங்க வேண்டாம். தடித்த வேரின் தலையில் வேறொரு வகையின் கிளையை ஒட்டுக்கட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் இலை ஒரு மாதிரி, மேலே வேறு மாதிரி. அந்த மரத்தில் கிளை அமைப்பைப் பழகுவது கடினம். சாதாரண நர்சரியில், அடிமரம் பெருவிரலைவிடத் தடித்து, மண்ணுக்கு மேல் நாலாபுறமும் வேர் பரவத் தொடங்கிய இச்சி நாற்றே போதும்.

இனி மண். இங்கேதான் அதிக மரங்கள் சாகின்றன. செம்மண்ணும் எருவும் கலந்த வழக்கமான பூந்தொட்டிக் கலவை, 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டிக்கு ஆகாது. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகு அடியில் ஓர் அடுக்கு மண் நீர் தோய்ந்தே நிற்கும். அந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்துகளின் அளவுதான், தொட்டியின் ஆழமல்ல. ஒரு அடித் தொட்டியில் அடியில் நாலு விரல் ஈரம் நின்றால் மேலே வேருக்குக் காற்று இருக்கும். தட்டைத் தொட்டியில் அதே நாலு விரல் என்றால் தொட்டி முழுவதுமே சேறு. துகள் பெரிதானால் அந்த அடுக்கு மெலிந்துவிடும்.

நம் ஊரில் எளிதில் கிடைப்பதை வைத்து ஒரு கலவை: நன்றாகச் சுட்ட செங்கல்லை உடைத்துச் சலித்த 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகள் இரண்டு பங்கு, கரடான ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய இலை உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. 2 மில்லிமீட்டர் சல்லடைக்குக் கீழே விழும் தூளை, மணலிலிருந்தும் செங்கல்லிலிருந்தும், முழுவதுமாக ஒதுக்குங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பினால் மற்ற எல்லாம் வீண். அரைவேக்காட்டுச் செங்கல் ஒரு மழையிலேயே கரைந்து களியாகும். ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் ஊற்றும் நீர் மேலே குளம்போல நிற்காமல் சில நொடிகளில் அடித்துளை வழியே வர வேண்டும்.

தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டியை வெளியிலிருந்து உள்நோக்கிக் குச்சியால் கோதுங்கள். நேர்கீழாக ஓடும் தடித்த வேர்களை முதலில் வெட்டி, பக்கவாட்டில் போகும் மெல்லிய வேர்களைக் காப்பாற்றுங்கள். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். துளைகளின் மேல் வலை வைத்து, துளை வழியே கம்பி கோத்து, மரத்தைத் தொட்டியோடு அசையாமல் கட்டுங்கள். இந்தக் கட்டு அழகுக்காக அல்ல. காற்றில் மரம் ஆடினால் புதிதாக வரும் நுனிவேர்கள் அறுந்துகொண்டே இருக்கும். பிறகு கலவையைப் போட்டுக் குச்சியால் குத்திக் குத்தி வேர்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். அடியில் வடியும் நீர் தெளியும்வரை ஊற்றுங்கள். மூன்று வாரம் நிழல், ஒரு மாதம் உரம் கிடையாது.

வயரிங்குக்கு அலுமினியக் கம்பி. கிளையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு தடிப்பு, கிளையைப் போல ஒன்றரை மடங்கு நீளம். கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பி வேண்டாம். துருப்பிடிக்கும், பட்டையையும் அறுக்கும். ஒரே கம்பியால் அடுத்தடுத்த இரண்டு கிளைகளைச் சுற்றும்போது, இடையில் தண்டைக் குறைந்தது ஒரு சுற்றாவது சுற்றிப் போனால்தான் பிடிப்பு இருக்கும். இல்லாவிட்டால் ஒன்றை வளைக்கும்போது மற்றது எழும்பும். சுற்றுகள் 45 பாகைச் சாய்வில் சீராகப் போகட்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருக்கும்படி பார்த்து, இரு கட்டைவிரல்களையும் உட்பக்கம் ஊன்றி மெதுவாக வளையுங்கள். வெளிப்பக்கத்தில் கம்பி இல்லாத இடத்தில்தான் கிளை பிளக்கும். காகிதப்பூவின் முற்றிய கிளை வளையாது, ஒடியும். பச்சையாக இருக்கும்போதே சுற்ற வேண்டும்.

நம் ஊர் வெப்பத்தில் இச்சி வேகமாகத் தடிக்கும். நாலைந்து வாரத்திலேயே கம்பி பட்டையில் பதியத் தொடங்கலாம். குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்லும் ஆறு மாதம், ஒரு வருடக் கணக்கு இங்கே செல்லாது. வாரம் ஒருமுறை பாருங்கள். கம்பியை எடுக்கும்போது சுற்றைப் பிரிக்காமல் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுங்கள். கிளை பழைய நிலைக்குத் திரும்பினால் மறுபடியும் சுற்றலாம். பட்டையில் விழுந்த திருகுத் தழும்பு மறையப் பல வருடமாகும்.

தட்டைத் தொட்டியில் நட்டுவிட்டு அடிமரம் பருக்கக் காத்திருப்பது பரவலாக நடக்கும் தவறு. அந்தத் தொட்டியில் மரம் பருக்காது. பருமன் வேண்டுமானால் தரையிலோ பெரிய தொட்டியிலோ இரண்டு மூன்று வருடம் விட்டு, தாழ்வான ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிடுங்கள். அந்தக் கிளை உண்டாக்கும் உணவில் அடிமரம் பருக்கும். வேண்டிய அளவு வந்ததும் அதை வெட்டி எறியலாம். பழைய மதில்களில் முளைத்த இச்சி, அரச மர நாற்றுகளை உரிமையாளரிடம் கேட்டு எடுத்து வரும் பழக்கம் கிளப்காரர்களிடம் உண்டு. நல்ல அடிமரத்துக்கு அது சிறந்த வழி. வனத்துறைக் காட்டில் கைவைக்காதீர்கள், அது குற்றம்.

இச்சி இலை நடுவில் மடிந்து, சிவப்புப் புள்ளிகளோடு இருந்தால் உள்ளே கறுப்பு இலைப்பேன் இருக்கும். மேலே மருந்து அடித்தால் மடிப்புக்குள் போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள், பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் சில துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். தண்டின் அடியில் வெள்ளை உப்பு படிந்தால் தண்ணீர்தான் காரணம். பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, மழைநீரைப் பிடித்துவைத்து மாதம் ஒருமுறை தாராளமாக ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

மாதக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாமல் ஒரு மரத்தையாவது எடுத்துப் போங்கள், நோயில் இருக்கும் மரமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதைப் பைக்குள் கட்டி, மற்ற மரங்களிலிருந்து தள்ளி வையுங்கள். தொட்டியில் ஒரு அட்டை குத்தி, தொட்டி மாற்றிய தேதி, கம்பி சுற்றிய தேதி, கலவையின் அளவு மூன்றையும் எழுதுங்கள். அந்த அட்டை இருந்தால்தான் மூத்தவர்கள் காரணம் கண்டுபிடிக்க முடியும். கத்தரியை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். எங்கே வெட்டலாம் என்று சுண்ணக்கட்டியால் குறித்துத் தரச் சொல்லி, வெட்டை நீங்களே போடுங்கள்.