ஐப்பசிக் குறிப்புகள்: மேடையேறிய விசித்திரங்கள்

2024 அக்டோபர் 25, வெள்ளி

இன்றோடு சரியாக 80 வருஷம். 1944இல் இதே தேதியில் நியூயார்க் கார்னகி ஹாலில் ஃப்ளாரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் பாடினார். அப்போது அவருக்கு வயது 76. டிக்கெட் எல்லாம் பல நாள் முன்பே தீர்ந்துபோயிருந்தது. சுருதி சேராது, தாளம் நிற்காது, மூச்சும் போதாது. வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இது தெரியும். தெரிந்துதான் டிக்கெட் வாங்கினார்கள்.

சாப்பிட்டுவிட்டு ஹெட்போனில் அவருடைய மொசார்ட் பதிவைக் கேட்டேன். ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவில் இரவு ராணி கோபத்தில் பாடுகிற பாட்டு. குரல் உச்சத்துக்கு ஏறி, அங்கே ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஊசி மாதிரி குத்தி எடுக்க வேண்டும். தேர்ந்த பாடகிகளே பயப்படுகிற இடம் அது. ஜென்கின்ஸுக்குப் பயமே கிடையாது. ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே ஏதோ ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே முழுத் தெம்போடு கூவுகிறார். இரண்டாம் தடவை கேட்டபோது நான் கவனித்தது பியானோக்காரர் காஸ்மே மக்மூனை. அந்த அம்மாள் இழுத்தால் இவரும் இழுக்கிறார், ஓடினால் கூடவே ஓடுகிறார். பாடகர் எடுப்பைத் தவறவிட்டால் மிருதங்கக்காரர் சபைக்குத் தெரியாமல் பிடித்துக் கொடுப்பாரே, அந்த வேலையைப் பாட்டு முழுக்கச் செய்கிறார்.

பணக்கார வீட்டுப் பெண். சங்கீதம் படிக்க அப்பா பணம் தரவில்லை. 1909இல் அப்பா இறந்து சொத்து கைக்கு வந்தது. 1917இல் வெர்டி கிளப் என்று ஒன்றை ஆரம்பித்தார். வருஷா வருஷம் ரிட்ஸ் கார்ல்ட்டன் ஹோட்டலில் கச்சேரி. டிக்கெட்டை அவரே ஆள் பார்த்துக் கொடுப்பார், விமர்சகர்களைக் கிட்டே சேர்ப்பதில்லை. கார்னகி ஹாலில்தான் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றானது. மறுநாள் பேப்பர்கள் கிழித்துத் தொங்கவிட்டன. சில நாளில் மாரடைப்பு. நவம்பர் 26 அன்று போய்ச் சேர்ந்தார்.

விமர்சனம்தான் கொன்றது என்பார்கள். எழுபத்தாறு வயசு இதயத்துக்கு விமர்சனம் எதற்கு?

அக்டோபர் 27, ஞாயிறு

ஜென்கின்ஸ் விஷயத்தில் ஒன்று விட்டுப்போச்சு. ஒரு ஸ்பானிஷ் பாட்டுக்குக் கூடையில் பூ எடுத்துவந்து பாடிக்கொண்டே சபையைப் பார்த்து வீசுவாராம். ‘ஒன்ஸ் மோர்’ கேட்டால் வீசின பூவை எல்லாம் பொறுக்கிவரச் சொல்லி, கூடை நிறைந்த பிறகு மறுபடி முதலிலிருந்து. வீட்டம்மாவிடம் சொன்னேன். “பொறுக்கினவங்க பேரை யாராவது எழுதி வச்சிருக்காங்களா?” என்றாள்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

விடியற்காலை எண்ணெய்க் குளியல், லேகியம், தெருவில் அணுகுண்டு. சத்தத்துக்கான நாள் என்பதால் ஜோசஃப் புஜோலைப் பற்றி எழுதிவிடலாம்.

மார்செய் ஊர்க்காரர், 1857இல் பிறந்தவர், தொழில் ரொட்டி சுடுவது. பையனாக இருந்தபோது கடலில் மூச்சடக்கி முங்கியதில் பின்பக்கம் ஜில்லென்று தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது. பயந்துபோய்க் கரைக்கு ஓடிவந்தவர், பிற்பாடு அதையே காற்றை வைத்துப் பழகினார். வேண்டும்போது உள்ளே இழுப்பது, வேண்டிய அளவில் வெளியே விடுவது. வயிற்று வாயு இல்லை, வெளிக்காற்று. அதனால் நாற்றம் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், குசுவைக் கலையாக்கினவர்.

1892இல் பாரிஸ் மூலான் ரூஜ் மேடையில் ஏறினார். சிவப்புக் கோட்டு, கையில் வெள்ளைக் கையுறை, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கல்யாணப் பெண் முதலிரவில் விடுவது, அவளே மறுநாள் காலையில் விடுவது, மாமியார் விடுவது, தையற்காரி துணியைக் கிழிப்பது, பீரங்கி வெடிப்பது என்று ஒவ்வொன்றாக அறிவித்துவிட்டுச் செய்து காட்டுவார். ரப்பர் குழாய் சொருகிச் சின்ன ஊதுகுழலும் வாசிப்பார், எரிகிற மெழுகுவர்த்தியை அணைப்பார். நல்ல நாளில் ஒரே ஆட்டத்துக்கு வசூல் 20,000 ஃபிராங்க் என்றும், அன்றைய பெரிய நாடக நடிகை சாரா பெர்ன்ஹார்ட்டுக்கே அவ்வளவு கிடைத்ததில்லை என்றும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்வார்கள். நண்பருக்கு உதவ வெளியில் செய்து காட்டியதற்கு மூலான் ரூஜ் வழக்குப் போட்டது. கோபித்துக்கொண்டு சொந்தக் கொட்டகை போட்டார். முதல் உலகப் போருக்குப் பிறகு மறுபடி ரொட்டிக் கடைக்கே போய்விட்டார்.

மச்சானிடம் சொன்னதற்கு, “இதுக்கெல்லாம் சாதகம் உண்டா மாப்ளே?” என்று கேட்டார். உண்டு. அதுதான் விஷயமே. இவரைப் பார்த்துக் குற்றவுணர்ச்சி இல்லாமல் சிரிக்கலாம். சிரிக்க வைப்பது அவர் தொழில், அதில் சுருதி பிசகவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு வந்த அத்தை இன்னும் மாயவரம் திரும்பவில்லை. பக்கத்து வீட்டார் வந்து உட்கார்ந்ததும், “கண்ணு, பாட்டு கிளாஸ் போறியே, ஒண்ணு பாடிக் காட்டு” என்றார். மகள், “தொண்டை கட்டியிருக்கு அத்தைப்பாட்டி” என்றாள். அத்தை விடவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு ஒரு கீதத்தைப் பாடி முடித்து, கைத்தட்டலுக்கு முன்பே உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி ‘தி ஷேக்ஸ்’ என்கிற அக்கா தங்கைகள் இசைக்குழுவைக் கேட்டேன். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்கிற சின்ன ஊர். அப்பா ஆஸ்டின் விக்கின் மில் தொழிலாளி. அவருடைய அம்மா கைரேகை பார்த்து, செம்பொன் நிறக் கூந்தல்காரியைக் கட்டுவாய், நான் போனபின் உனக்கு இரண்டு ஆண்பிள்ளை பிறக்கும், உன் பெண்கள் பேர்பெற்ற இசைக்குழு ஆவார்கள் என்று சொல்லியிருந்தாள். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவதை இவர் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

டாட், பெட்டி, ஹெலன் மூவரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். காலையில் சாதகம், தபால்வழிப் பாடம், மத்தியானம் சாதகம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அப்பா முன்னால் வாசித்துக் காட்டல், படுக்கும் முன் உடற்பயிற்சி. சனிக்கிழமைதோறும் ஊர் மண்டபத்தில் கச்சேரி. ஊர்ப் பிள்ளைகள் கேலி பேசி சோடா டின்னை எறிவார்கள். 1969இல் கைக்காசைப் போட்டு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார்.

கேட்டால் முதலில் ஒன்றும் பிடிபடாது. மெட்டு எப்படிப் போகிறதோ கிட்டாரும் அசை அசையாக அதையே தொட்டுக்கொண்டு போகிறது. டிரம்ஸ் மட்டும் வேறு எங்கோ. காணாமல்போன பூனையைத் தேடுவது ஒரு பாட்டு. பெற்றோர் என்பவர் யார், நம்மேல் நிஜமான அக்கறை உள்ளவர்கள் அவர்கள்தானே என்பது இன்னொரு பாட்டு. எழுதியது டாட். இதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

விடாத மழை. மூன்டாக் கேட்க ஏற்ற நாள். கன்சாஸில் பிறந்த இசையமைப்பாளர் லூயிஸ் ஹார்டின் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. 16 வயதில் வெடிமருந்துக் குப்பி வெடித்துக் கண் போனது. நியூயார்க் ஆறாம் அவென்யூ முனையில் கொம்பு வைத்த தலைக்கவசமும் அங்கியும் ஈட்டியுமாக வருஷக்கணக்கில் நின்றார். போகிறவர்கள் பைத்தியக்காரப் பிச்சைக்காரன் என்று காசு போட்டார்கள். அவரோ ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பல குரல்கள் தொடர்ந்து வருகிற, கனான் என்கிற கறாரான இசை வடிவத்தில் பிரெயிலில் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் அவரைத் தன் வீட்டிலேயே கொஞ்ச காலம் வைத்துக்கொண்டார். 1974இல் ஜெர்மனிக்குப் போனவர் 1999இல் அங்கேயே இறந்தார்.

நவம்பர் 9, சனி

ஷேக்ஸை விடமுடியவில்லை. அந்த 1969 இசைத்தட்டை 1,000 பிரதி அச்சடித்ததில் 900 காணாமல் போனதாகக் கதை. 1975இல் ஆஸ்டின் இறந்தார். பெண்கள் உடனே நிறுத்திக்கொண்டார்கள். 1980இல் என்ஆர்பிக்யூ என்கிற அமெரிக்க ராக் குழுவினர் முயற்சியில் மறுபடி வெளியானபோது ரசிகர்கள் முளைத்தார்கள். நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபைன் தனக்குப் பிடித்த ஆல்பங்களின் பட்டியலில் எழுதிவைத்தார்.

இந்த ரசிகர்களில் ஒரு வகை எனக்கு ஆகாது. ‘இவ்வளவு மோசமாக இருப்பதால்தான் அருமை’ என்கிறவர்கள். கார்னகி ஹாலில் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு சிரித்த கும்பலின் பேரப்பிள்ளைகள். ஜென்கின்ஸாவது ஆசைப்பட்டு, தன் காசில் மேடையேறினார். இந்தப் பெண்களிடம் பாட இஷ்டமா என்று யார் கேட்டார்கள்?

என்று எழுதிவிட்டுத் தேடினால், 2013இல் டாட் விக்கின் தனியாக ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார். அறுபதைத் தாண்டிய வயதில். அப்பா போய் 38 வருஷம் ஆகியிருந்தது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாளை அதைக் கேட்க வேண்டும்.