அம்மாவின் எண்ணுக்குப் புது சிம்

அம்மாவின் கைபேசிக்கு மாதம் 471 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். 399 ரூபாய்த் திட்டம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. குவைத்துக்குப் போகும்போது அண்ணன் எடுத்துக் கொடுத்த போஸ்ட்பெய்டு இணைப்பு அது. அம்மா வைத்திருப்பதோ பொத்தான் போன். அவர் ஒருநாளும் தொடாத இணையத்துக்கு மாதாமாதம் பணம் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனி ரீசார்ஜ் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அப்படி ஒரு பிரீபெய்டு திட்டம் வேறொரு நிறுவனத்தில் கிடைத்தது. முன்பு ஒரு மாதத்துக்குக் கட்டியதைவிடச் சற்றுக் குறைந்த தொகைக்கு 84 நாட்கள். ஆனால் எண் மாறக் கூடாது. வங்கிக் கணக்கு, கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு எல்லாம் அதில்தான். அண்ணன் கூப்பிடுவதும் அதில்தான்.

எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறுவதற்குப் போர்ட்டிங் என்று பெயர். அம்மாவின் போனிலிருந்தே, ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பினேன். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கெடு தாண்டிய பில் பாக்கி இருந்தால் போர்ட்டிங் குறியீடு வராது. கட்டிய பணம் கணக்கில் ஏறும்வரை காத்திருந்து மறுபடி அனுப்பினேன். இம்முறை எட்டு எழுத்துக் குறியீடு வந்தது. தமிழ்நாட்டில் அது நான்கு நாட்களுக்குத்தான் செல்லும் என்பதால் மறுநாளே அம்மாவை மார்த்தாண்டத்துக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். இணைப்பு அம்மாவின் பெயரில் இருப்பதால் அவரே நேரில் வர வேண்டியிருந்தது.

கடையில்தான் பெரும்பாடு. கைரேகைக் கருவியில் அம்மாவின் கட்டைவிரல் பதியவே இல்லை. துடைத்துவிட்டு வைத்தார், ஈரப்படுத்தி வைத்தார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு.

"அம்மா, இன்னும் கொஞ்சம் அழுத்தி வையுங்கள்" என்றாள் கடைப்பெண்.

"முப்பது வருடம் அண்டியாபீஸில் கொட்டை உடைத்த விரல் மக்களே, ரேகை எங்கே இருக்கப்போகிறது?"

அண்டியாபீஸ் என்றால் முந்திரி ஆலை. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும். அம்மாவின் விரல் நுனிகள் வழுவழுவென்று இருப்பதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு வேலை நின்றுபோகும் என்று நினைத்ததில்லை. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனை அம்மாக்களுக்கு இதே கை! அந்தப் பெண் சலித்துக்கொள்ளவில்லை. ஆதார் அட்டையையும் அம்மாவின் முகத்தையும் அங்கேயே படமெடுத்து, என் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கி, வேறு வழியில் முடித்துக் கொடுத்தாள். கைரேகை பதியாவிட்டால் திரும்பிவிடாதீர்கள். இப்படி ஒரு முறை இருக்கிறது, கேளுங்கள்.

ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மாற மூன்று வேலை நாட்கள். என் எண் எல்லைக்கு அப்பால் பாறசாலையில் வாங்கியது; அது கேரள வட்டம் என்பதால் தமிழ்நாட்டு வட்டத்துக்கு மாற எனக்கு ஐந்து. எல்லையோரக் களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் சிம் எந்த வட்டம் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காம் நாள் விடியற்காலையில் பழைய சிம்மில் சிக்னல் போயிருந்தது. அதுவரை எடுத்துவிடாமல் வைத்திருந்தோம். புதியதைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கோடுகள் வந்தன, ரீசார்ஜ் செய்தேன். சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். "சத்தம் தெளிவாகக் கேட்கிறது மக்களே" என்று அம்மா மூன்று முறை சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துப் பழைய நிறுவனத்தின் கடைசி பில் வந்தது. மாறியாகிவிட்டதே என்று அதை விட்டுவிடக் கூடாது. கட்டாவிட்டால் அவர்கள் கேட்டு, புதிய இடத்திலும் எண்ணைத் துண்டிக்க வைக்கலாம். கட்டிய ரசீதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். 84ஆம் நாள் வரும் தேதியை அடுக்களை நாள்காட்டியில் அம்மாவே வட்டமிட்டுக்கொண்டார்.