சும்மா நிற்கும்போது 15, மேட்டில் 4

என் பிக்கப் 2001 மாடல் டாட்ஜ் ராம், கம்மின்ஸ் 5.9 லிட்டர், 24 வால்வு டீசல் இன்ஜின். இதில் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது விபி44 என்கிற ரோட்டரி இன்ஜெக்‌ஷன் பம்ப். அதைச் சூடாகாமல் வைப்பதும் தேயாமல் காப்பதும் அதற்குள் ஓடுகிற டீசல்தான். உள்ளே போகும் டீசலில் பெரும்பங்கு எரிவதே இல்லை, பம்பைச் சுற்றிவிட்டு டேங்குக்கே திரும்பிவிடும். திரும்பும் வழியில் இருக்கிற வால்வு ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ அழுத்தத்தில்தான் திறக்கும். ஆக, டேங்கிலிருந்து டீசலைக் கொண்டுவந்து தள்ளுகிற லிஃப்ட் பம்ப் சோர்ந்துபோனால் விபி44 சூட்டில் வேகும். கொடுமை என்னவென்றால் வண்டி அப்போதும் ஓடும், விபி44 தானே இழுத்துச் சமாளிக்கும், டேஷ்போர்டில் இதற்கென்று ஒரு முள்ளும் கிடையாது.

(நான் சொல்வது டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் வருகிற சில்லறை அழுத்தம்.)

பழைய லிஃப்ட் பம்பை எடுத்துவிட்டு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டர் திருகு உள்ள பெரிய பம்ப் ஒன்றை ஏற்கெனவே மாட்டியிருந்தேன். அதனால் நிம்மதியாக இருந்தேன், அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டவே இல்லை. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது இழுவை குறைகிற மாதிரித் தோன்றிய பிறகுதான் ஒரு கேஜ் வாங்கினேன். ஃபில்டருக்குப் பிறகு, விபி44-க்கு முன்னால் இணைத்தேன். டீசல் ஓடும் ஹோஸை கேபினுக்குள் கொண்டுவர எனக்குத் துணிச்சல் இல்லை, கழன்றால் மடியில்தான் ஊற்றும். கேஜை வெளியே, கண்ணாடிக்கு முன்னால் டேப் போட்டு ஒட்டி, உள்ளிருந்து பார்த்தேன். முதல் நாள் முள் ஈ இறக்கை போல அதிர்ந்தது, ஒரு எண்ணும் படிக்க முடியவில்லை. பம்பின் துடிப்பு நேராகக் கேஜில் அடிக்கிறது, அப்படியே விட்டால் கேஜ் சீக்கிரம் செத்துவிடும். நடுவில் ஒரு நீடில் வால்வு வைத்து, அதிர்வு அடங்கும் வரை மட்டும் மூடினேன். ரொம்ப மூடினால் முள் மந்தமாகி, திடீர் இறக்கத்தைக் காட்டாது.

வண்டி நிற்க, இன்ஜின் சும்மா ஓடும்போது 15 பிஎஸ்ஐ. அட, பிரமாதம் என்று நினைத்தேன். பாரத்தோடு மேட்டில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்ததும் 4. விபி44 வைத்திருப்பவர்கள் பலரும் எந்த நிலையிலும் 10-க்குக் கீழே விடக் கூடாது என்பார்கள்.

இங்கேதான் தப்புச் செய்தேன். ரெகுலேட்டர் திருகை உள்ளே திருக ஆரம்பித்தேன். நின்றபடி 19 ஆயிற்று, மேட்டில் 6. இன்னும் திருகியிருப்பேன், நல்லவேளையாக உறைத்தது: நிற்கும்போது நாலு ஏறி, மேட்டில் இரண்டுதான் ஏறுகிறது என்றால் குறை ரெகுலேட்டர் ஸ்ப்ரிங்கில் இல்லை, டீசல் வந்து சேரவில்லை. திருகு அழுத்தத்தின் உச்சவரம்பைத்தான் மாற்றும், இல்லாத டீசலை அது எங்கிருந்து கொண்டுவரும்?

சரி, எங்கே அடைப்பு? முதலில் ஃபில்டர். முன்னும் பின்னும் அளந்ததில் வித்தியாசம் 2 பிஎஸ்ஐ. 5-ஐத் தாண்டினால்தான் ஃபில்டரைச் சந்தேகிக்க வேண்டும். அப்புறம் உறிஞ்சும் பக்கம், அதாவது டேங்கிலிருந்து லிஃப்ட் பம்ப் வரை. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும், முள் விட்டுவிட்டு நடுங்கும். உள்ளே ஓடுவது தெரிகிற ஹோஸ் ஒரு சாண் போட்டுப் பார்த்தேன், குமிழி இல்லை.

மிச்சம் டேங்க்தான். இந்த வண்டியில் ஸ்டார்ட்டரை ஒரு கணம் தட்டிவிட்டு சாவியை ஆன் நிலையிலேயே விட்டால், இன்ஜின் ஓடாமலே லிஃப்ட் பம்ப் சுமார் 25 விநாடி ஓடும். அந்த நேரத்தில் பம்பிலிருந்து வருவதை ஒரு கேனில் பிடித்தேன், 1.25 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு டேங்க் லைனைக் கழற்றி, சுத்தமான டீசல் கேனில் குட்டி ஹோஸை விட்டு அதே சோதனை. கிட்டத்தட்ட 2 லிட்டர்! எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்த கேன் வேறில்லை.

டேங்கை இறக்குவதற்குப் பதில் சரக்கு ஏற்றும் பின்பக்கத் தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிச் சரித்தேன், ஒற்றையாளாகச் செய்யாதீர்கள். டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் சல்லடை முழுக்கக் கறுப்பு வழுவழுப்பு. டீசலில் தண்ணீர் நின்றால் வளர்கிற நுண்ணுயிர்ப் படலம் அது. டீசலில் சேரும் தண்ணீரை வடிக்கிற வாட்டர் டிரெயினை மாதக்கணக்கில் திறக்காத என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். டேங்கைக் காலி செய்து கழுவி, சல்லடையும் ஃபில்டரும் புதிதாகப் போட்டேன். லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற அதே ஸ்டார்ட்டர் தட்டல், நாலைந்து தடவை.

ஸ்டார்ட் செய்ததும் முள் 21-க்குப் போய்விட்டது, நான் ஏற்றி வைத்த திருகின் வேலை. கால் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து, 16-இல் நிறுத்தி லாக் நட்டை இறுக்கினேன். அதே மேடு, அதே பாரம், 12-க்குக் கீழே இறங்கவில்லை. டேப் போட்ட கேஜைக் கழற்றிவிட்டு, இப்போது சென்சார் வைத்த எலக்ட்ரிக் கேஜ் உள்ளே இருக்கிறது. பாட்டு கேட்பதை விட்டுவிட்டு அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.